மடலைக் கோப்பிலிட எந்த விசை?

அரசியலையும் தேயிலை விலையையும் விட்டுவிட்டு இந்த மனிதர் விசைப்பலகையைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டாரே என்று இப்பக்கத்தின் வழக்கமான வாசகர்கள் சிலர் எண்ணக்கூடும். பொறுத்தருள வேண்டும். தச்சனுக்கு உளி எப்படியோ, செய்தியாளனுக்கு இன்று மின்னஞ்சல் அப்படி. உளியின் பிடி நாளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டால் தச்சன் வாய் திறக்காமலா இருப்பான்?

கேள்வி மிக எளியது. வந்த மடலை வாசித்தாயிற்று. அதை அழிக்க வேண்டாம், பின்னர் தேவைப்படும். ஆகவே உள்பெட்டியிலிருந்து எடுத்து உரிய இடத்தில் வைக்க வேண்டும். சுட்டியைத் தேடாமல், விசைப்பலகையிலிருந்து கையை எடுக்காமல், இதைச் செய்யும் விசை எது? 1971 ஆம் ஆண்டு ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதலாக வலைவழி மடல் அனுப்பினார். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இக்கேள்விக்கு இன்னமும் ஒரே விடை இல்லை.

ஜீமெயிலில் குறுக்குவிசைகளை இயக்கிவைத்திருந்தால், ஆங்கில ‘ஈ’ விசை மடலைக் காப்பகத்துக்கு அனுப்பும். ‘வி’ விசை வேறொரு பிரிவுக்கு நகர்த்தும். ‘எல்’ விசை பெயர்ச்சீட்டு ஒட்டும். தண்டர்பேர்டில் காப்பகத்துக்கு ‘ஏ’ விசை. அதே ‘ஏ’ விசையை ஜீமெயிலில் அழுத்தினால், மடலில் தொடர்புடைய அனைவருக்கும் பதில் எழுதும் பெட்டி திறந்துகொள்ளும். கணினியில் நிறுவப்படும் அவுட்லுக்கில் காப்பகத்துக்கு பேக்ஸ்பேஸ். அதே நிறுவனத்தின் இணைய வடிவத்திலோ ‘ஈ’. நிறுவப்படும் அவுட்லுக்கில் மடலை ஒரு கோப்புறைக்கு நகர்த்த கொன்ட்ரோல், ஷிப்ட், ‘வி’ மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். உலாவியில் மடல் எழுதும்போது இதே மூன்று விசைகள், நகலெடுத்த பகுதியை அலங்காரமின்றி ஒட்டும் வேலையைச் செய்கின்றன. அப்பிள் நிறுவனத்தின் மடல் செயலியில் கொன்ட்ரோல், கொமாண்ட், ‘ஏ’.

இவற்றுள் மிகவும் கொடியது ‘ஜே’ விசையின் கதை. ஜீமெயிலில் ‘ஜே’ அழுத்தினால் அடுத்த மடலுக்குச் செல்வோம். வாசிப்பவர் ஒரு நாளில் பல நூறு முறை அழுத்தும் விசை அது. அதே பழக்கத்தோடு தண்டர்பேர்டுக்கு வந்து ‘ஜே’ அழுத்தினால், கண் முன்னே இருக்கும் மடல் குப்பை மடல் என்று குறிக்கப்படுகின்றது. ‘கே’ அழுத்தினால் ஜீமெயிலில் முந்தைய மடல். தண்டர்பேர்டில் அந்த உரையாடல் முழுவதும் புறக்கணிப்புக்குள்ளாகும். ஓரிடத்தில் நடப்பதற்குரிய கால், இன்னோரிடத்தில் உதைப்பதற்குரியதாகிவிடுகின்றது.

இந்தக் குழப்பம் யாரோ ஒருவரின் அலட்சியத்தால் மட்டும் வந்ததன்று. ஒவ்வொரு விசைக்கும் ஒரு பரம்பரை உண்டு. ‘ஜே’, ‘கே’ இரண்டும் பில் ஜோய் 1970களில் எழுதிய ‘விஐ’ என்ற உரைத்தொகுப்பியிலிருந்து வந்தவை. அவர் பயன்படுத்திய முனையத்தில் அம்புக்குறிகள் அந்த எழுத்துகளின் மீதே பொறிக்கப்பட்டிருந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989 இல் உருவான ‘பைன்’ என்ற மடல் நிரலில், மடலைக் கோப்புறையில் சேமிக்க ‘எஸ்’ விசை. சேமி என்பதன் ஆங்கில முதலெழுத்து அது. ஒருவர் சொல்லின் முதலெழுத்தை வைத்தார். மற்றொருவர் விரலின் வசதியைப் பார்த்தார். இன்னொருவர் மிஞ்சியிருந்த விசையை எடுத்துக்கொண்டார்.

அவுட்லுக்கில் கொன்ட்ரோலுடன் ‘எஃப்’ அழுத்தினால் தேடல் வராமல் மடல் முன்னனுப்பப்படுவது ஏன் என்பதை மைக்ரோசொப்ட் பொறியியலாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். ஏனைய மென்பொருள்களைப் போலவே அங்கும் முதலில் அது தேடலுக்குத்தான் ஒதுக்கப்பட்டிருந்ததாம். சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திய ஒருவர், தாம் பழகிய பழைய மடல் நிரலில் அது முன்னனுப்பும் விசையாக இருந்தது என்று முறையிட்டார். உடனே மாற்றினார்கள். முறையிட்டவர் பெயர் பில் கேட்ஸ். பழகிய விரலுக்கு மதிப்புக் கிடைத்ததே என்று மகிழலாம்தான். ஆனால், எல்லோருடைய விரலும் பில் கேட்ஸின் விரலாகிவிடுவதில்லை.

இதற்கு எதிரான நல்ல முன்மாதிரியும் உண்டு. வெட்டு, நகலெடு, ஒட்டு ஆகிய மூன்று செயல்களையும் இன்று உலகெங்கும் ஒரே விசைகளால் செய்கிறோம். இக்கருத்தை 1970களில் சிராக்ஸ் ஆய்வுகூடத்தில் வடிவமைத்தவர் லரி டெஸ்லர். பின்னர் அவர் பணியாற்றிய அப்பிள் நிறுவனம் 1983 இல் வெளியிட்ட லீசா கணினியில், விசைப்பலகையின் கீழ்வரிசையில் அடுத்தடுத்து அமைந்த நான்கு எழுத்துகள் ‘முன்செயலை நீக்கு, வெட்டு, நகலெடு, ஒட்டு’ என்பவற்றுக்கு ஒதுக்கப்பட்டன. போட்டி நிறுவனங்களும் அவற்றையே ஏற்றுக்கொண்டன. இன்று ஹட்டனில் கற்றுக்கொண்ட பிள்ளை ஹெல்சிங்கியில் போய் உட்கார்ந்தாலும் அந்த நான்கு விசைகள் மாறுவதில்லை. உடன்பாடு சாத்தியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2020 பெப்ரவரியில் காலமான டெஸ்லர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கொள்கை ஒன்றுண்டு. ஒரே விசை, கணினி இருக்கும் நிலையைப் பொறுத்து வெவ்வேறு வேலை செய்யலாகாது என்பதே அது. தம் காரின் இலக்கத் தகட்டில்கூட அக்கொள்கையைப் பொறித்துவைத்திருந்தார். எழுத்துப் பெட்டியில் இருக்கும்போது எழுத்தாகவும், வெளியே இருக்கும்போது கட்டளையாகவும் இயங்கும் ஒற்றை விசைகள் அக்கொள்கைக்கு நேர் எதிரானவை. ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இந்த நிலைகள் இரண்டு. தமிழில் எழுதும் நமக்கோ, விசைப்பலகை தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்ற இன்னொரு நிலையும் சேர்ந்துகொள்கின்றது. ஆகவே இது நமக்கு இரட்டைச் சுமை.

சொல்வதை விளங்கவைக்க ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் ஒரு தலைமுறை பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியது. பத்திரிகை அலுவலகங்களில் எங்கள் கைகள் அதிலேயே ஊறின. அந்த முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லை எழுத அழுத்தும் விசைகள் வரிசையாக ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்பன. எழுத்துருதான் தமிழே தவிர, கணினிக்குப் போய்ச் சேர்பவை ஆங்கில எழுத்துகளே. குறுக்குவிசைகள் இயங்கும் ஜீமெயிலில், எழுதும் பெட்டிக்கு வெளியே கவனம் சிதறியிருக்கும் வேளையில் இந்த ஐந்தையும் அழுத்திப்பாருங்கள். அடுத்த மடல், முந்தைய மடல், உரையாடலின் முன்மடல், மடலைத் திற, அனைத்தையும் விரி என ஐந்தும் ஐந்து கட்டளைகள். தண்டர்பேர்டில் முதல் இரண்டு விசைகளே போதும்: மடல் குப்பையாகும், உரையாடல் புறக்கணிக்கப்படும். நம் மொழியின் பெயரை எழுதினாலே மடல் குப்பையென்று குறிக்கப்படுவதை எண்ணிச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னும் கேளுங்கள். ‘நன்றி’ என்று தொடங்கும் ‘ந’ பாமினியில் ஆங்கில ‘ஈ’ விசையில் இருக்கின்றது. அதாவது ஜீமெயிலின் காப்பக விசை. எந்த மடலுக்கு நன்றி சொல்ல முனைந்தீர்களோ அந்த மடலே கண்ணிலிருந்து மறையும். ‘யாழ்ப்பாணம்’ என்பதன் ‘ய’ ஆங்கில ‘ஏ’ விசையில் இருக்கின்றது; தண்டர்பேர்டின் காப்பக விசை அது. ‘கடிதம்’ என்பதன் ‘க’ ஆங்கில ‘எஃப்’ விசை. திறந்திருக்கும் ஜீமெயில் மடலில் அது முன்னனுப்பும் கட்டளை.

யூனிகோட் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று கேட்பீர்கள். 1991 இல் யூனிகோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது உண்மை. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை அடுத்துத் தமிழ்99 விசைப்பலகை அங்கீகாரம் பெற்றதும், இலங்கையில் எஸ்எல்எஸ் 1326:2008 என்ற தரநிலை ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்றுக்கொண்டதும் உண்மை. ஆனால், யூனிகோட் தமிழ் விசைப்பலகை இயங்கும்போது, அந்த விசை ஆங்கில எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எழுத்தையே அனுப்புகின்றது. ஆகவே இணைய மடலின் ஒற்றை எழுத்துக் குறுக்குவிசைகள் பெரும்பாலும் அசைவதே இல்லை. பாமினிக்காரருக்குத் தேவையில்லாதபோது வேலை செய்கின்றன. யூனிகோட்காரருக்குத் தேவையானபோது வேலை செய்வதில்லை. மடலை நகர்த்த ஆங்கிலத்துக்கு மாறு, பதில் எழுதத் தமிழுக்குத் திரும்பு என்று நாள் முழுவதும் இரு கரைகளுக்கிடையே நீந்த வேண்டியிருக்கின்றது. கொன்ட்ரோலுடன் சேர்த்து அழுத்தும் விசைகள் மட்டுமே இத்தொல்லையிலிருந்து பெரும்பாலும் தப்பியிருக்கின்றன.

இனி, இதனை ஹட்டனில் இருந்துகொண்டு ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

1884 இல் ஹட்டனுக்கு ரயில் வந்தது. அதன் பிறகு டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வரும் கடிதங்களின் வழியும் எளிதாயிற்று. ஆனால், கடைசி ஒரு மைல் எளிதாகவில்லை. லயன் அறைகளுக்குத் தனி முகவரி கிடையாது. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் பலர். கடிதம் தோட்டத்துக் காரியாலயத்துக்கு வரும். அதன் பின்னர் அது போகும் வழி தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. ஓரிடத்தில் பெரட்டுக் களத்தில் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். இன்னோரிடத்தில் கணக்கப்பிள்ளை கைக்குப் போகும். வேறோரிடத்தில் கடைத்தெருவில் தெரிந்த முகத்திடம் கொடுத்தனுப்புவார்கள். அந்த வழக்கம் தெரிந்தவருக்குக் கடிதம் கிடைத்தது. தெரியாதவருக்கு, நேர்முகப் பரீட்சை நாள் கடந்த பிறகு அழைப்புக் கடிதம் கிடைத்தது. கடிதத்தை எவரும் கிழித்தெறியவில்லை. எங்கோ ஓரிடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. உரியவர் கையில் இல்லை, அவ்வளவே.

மின்னஞ்சல் வந்தபோது இப்பகுதி இளைஞர்கள் அடைந்த மகிழ்ச்சியின் காரணம் இதுதான். வாழ்க்கையில் முதன்முறையாகத் தங்கள் பெயரில் ஒரு முகவரி. காரியாலயத்தைக் கடக்காமல் நேரே வரும் கடிதம். ஆனால், அதே இளைஞர் கொமினிகேஷன் கடையில் ஒரு மென்பொருளையும், பயிற்சி நிலையத்தில் இன்னொன்றையும், கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மூன்றாவதொன்றையும் கையாள வேண்டியிருக்கின்றது. பழைய காரியாலய வழக்கம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறியது போலவே, விசையும் இடத்துக்கிடம் மாறுகின்றது. காப்பகத்துக்குப் போன மடல் அழிவதில்லை. அது எங்கோ பத்திரமாகத்தான் இருக்கின்றது. உரியவர் கண்ணில் படுவதில்லை. பழைய கதையேதான், ஆள்தான் மாறியிருக்கிறார்.

எங்கள் தொழிலிலும் இதைக் கண்டிருக்கிறேன். ஒரு நாளேட்டின் ஆசிரியபீடம், பெயர் வேண்டாம். தென்மேல் பருவமழை அடித்து ஊற்றிய வாரம். மலைப்பக்கத்து நிருபர் ஒருவர், லயன் ஒன்றின் கூரைத் தகரங்கள் காற்றில் பறந்து, குடும்பங்கள் தோட்டத்துப் பாடசாலையில் தங்கியிருப்பதாகச் செய்தி அனுப்பினார். பொறுப்பிலிருந்த உதவி ஆசிரியர் வீட்டில் ஒரு மடல் மென்பொருளும் அலுவலகத்தில் வேறொன்றும் பயன்படுத்துபவர். எவை என்பது இங்கு முக்கியமன்று. பழகிய விரல் பழகிய விசையை அழுத்தியது. மடல் பட்டியலிலிருந்து மறைந்தது. திரையின் ஓரத்தில் ஒரு சிறு அறிவிப்புச் சில விநாடிகள் தோன்றி மறைந்திருக்கும்; அவர் அப்போது தொலைபேசியில் இருந்தார். மறுநாள் பத்திரிகையில் அச்செய்தி இல்லை.

நிருபர் தொலைபேசியில் அழைத்தார். “முந்தாநாள் ராத்திரியே அனுப்பிட்டேனே சேர், இங்க சனம் பேப்பரைத் தேடித் தேடிப் பார்க்குது” என்றார். தேடியபோது மடல் கிடைத்தது, செய்தியும் வெளியானது. ஆனால் இரண்டு நாள் தாமதம். நனைந்த பாயோடு பாடசாலை வாங்கில் படுத்திருப்பவர்களுக்கு இரண்டு நாள் என்பது சிறிய கால அளவன்று. அந்த உதவி ஆசிரியரை நான் குறை கூறமாட்டேன். விரலின் பழக்கம் தட்டச்சாளரின் மூலதனம். அந்த மூலதனத்தையே பொறியாக மாற்றிவைத்த வடிவமைப்பைத்தான் குறை கூறுகிறேன்.

இதற்கு மென்பொருள் உலகம் சொல்லும் மறுமொழிகளை அறிவேன். ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதற்கேயுரிய வேலைமுறை உண்டு. எல்லாவற்றையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது என்பது ஒன்று. ஜீமெயிலின் காப்பகம் என்பது உள்பெட்டிச் சீட்டைக் கிழிப்பது மட்டுமே. தண்டர்பேர்டின் காப்பகம் மடலை ஆண்டு வாரியான கோப்புறைக்கு உண்மையிலேயே நகர்த்துவது. ஆகவே இரண்டும் ஒன்றல்ல என்பார்கள். சரிதான். ஆனால் ‘ஒட்டு’ என்பதும் சொற்தொகுப்பியில் ஒன்றும் படத்தொகுப்பியில் இன்னொன்றுமாகத்தானே நடக்கின்றது? உள்ளே நடப்பது வேறாக இருக்கலாம். பயன்படுத்துபவரின் எண்ணம் ஒன்றே. விசை அந்த எண்ணத்துக்கு உரியது.

இரண்டாவது மறுமொழி இன்னும் வலுவானது. இத்தனை ஆண்டுகளாகப் பழகிவிட்டவர்களின் விரல்களை இப்போது மாற்றச் சொல்லலாமா? என் வாதமே பழகிய விரலுக்காகத்தான் என்பதால், இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் மாற்ற வேண்டிய இடத்தில் மாற்றியதும் உண்டு. குரோம் உலாவியில் பேக்ஸ்பேஸ் அழுத்தினால் முந்தைய பக்கத்துக்குப் போகும் வழக்கம் நெடுநாள் இருந்தது. படிவம் நிரப்பிக்கொண்டிருப்பவர்கள் எழுதியதையெல்லாம் இழக்கிறார்கள் என்று கண்டு, 2016 இல் அதை நீக்கிவிட்டார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், உலகம் முடிந்துவிடவில்லை.

ஆகவே நான் வேண்டுவது அனைவருக்கும் ஒரே விசை என்ற பெருங்கனவை அன்று. சிறிய, நடைமுறைக்கு ஒத்த நான்கு காரியங்கள்.

முதலாவது, மடலை இடம்பெயர்க்கும் எந்தக் கட்டளையும் ஒற்றை எழுத்து விசையில் தானாக இயங்கிக்கொண்டிருக்கலாகாது. வேண்டுபவர் இயக்கிக்கொள்ளட்டும். இது என் சொந்தக் கற்பனையன்று. இணைய அணுகுதகைமைக்கான 2.1 ஆம் பதிப்பு நெறிகள் 2018 ஜூனில் வெளிவந்தன. அவற்றின் 2.1.4 ஆம் விதி, ஒற்றை எழுத்துக் குறுக்குவிசைகளை அணைக்கவோ, கொன்ட்ரோல் போன்ற விசையுடன் சேர்த்து மாற்றியமைக்கவோ வழியிருக்க வேண்டும், அல்லது உரிய பகுதியில் கவனம் இருக்கும்போது மட்டுமே அவை இயங்க வேண்டும் என்கின்றது. அடிப்படையான ‘ஏ’ தரத்திலேயே அது வைக்கப்பட்டிருக்கின்றது. குரலால் கணினியை இயக்குபவர்களின் பேச்சு, எழுத்தெழுத்தாகக் கட்டளையாகிவிடும் ஆபத்தை எண்ணி வகுத்த விதி அது. தமிழ் தட்டச்சாளருக்கும் அதே மருந்து பொருந்துகின்றது.

இரண்டாவது, விசைகளை நாமே மாற்றிக்கொள்ளும் வசதி மென்பொருளுக்குள்ளேயே எளிதாக இருக்க வேண்டும். ஜீமெயிலின் மேம்பட்ட அமைப்புகளில் இது உண்டு. மற்றையோருக்கும் இது முடியாத காரியமன்று.

மூன்றாவது, மடல் நகர்ந்தால் எங்கே நகர்ந்தது என்று சொல்லும் அறிவிப்பு, வாசிப்பவர் பார்க்கும்வரை திரையில் நிற்க வேண்டும். பதிவுத் தபாலுக்கு ஒப்பமிட்ட சீட்டுத் தரும் நாட்டில் வளர்ந்தவர்கள் நாம். இது பெரிய கோரிக்கையன்று.

நான்காவது, தமிழ் இடைமுகம் என்றால் பட்டியலில் உள்ள சொற்களை மொழிபெயர்ப்பது மட்டுமன்று. தமிழ் விசைப்பலகை இயங்கும்போது குறுக்குவிசைகள் எப்படி நடக்கின்றன என்று சோதித்துப் பார்ப்பதும் அதில் அடங்கும். விசையில் அச்சிட்ட எழுத்தை மட்டும் பாராமல், பலகையில் அதன் இடத்தையும் அறிந்துகொள்ளும் வழி கணினிக்கு உண்டு. தமிழ் மென்பொருளாளர்கள் உலகின் பெரிய நிறுவனங்களிலெல்லாம் இருக்கிறார்கள். தமிழைத் திரையில் காட்டுவதற்கு அன்று பட்ட பாட்டில் பத்திலொரு பங்கு இதற்குப் போதும்.

அதுவரை வாசகர்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளச் சில குறிப்புகள். ஜீமெயிலில் குறுக்குவிசைகள் இயங்கினால், கேள்விக்குறியை அழுத்துங்கள். முழுப் பட்டியலும் விரியும். தவறுதலாக எதுவும் நகர்ந்தால் உடனே ‘இசட்’ அழுத்துங்கள். தண்டர்பேர்டில் கொன்ட்ரோலுடன் ‘இசட்’. மடல் காணவில்லையென்றால் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். ஜீமெயிலில் ‘அனைத்து மடல்களும்’ என்ற பகுதியையும், மற்றவற்றில் காப்பகத்தையும் குப்பைப் பெட்டியையும் தேடுங்கள். குறுக்குவிசைகள் உங்களுக்குத் தேவையே இல்லையென்றால், அணைத்தே வையுங்கள். பொதுக் கணினியில் உட்காரும் பிள்ளைகளுக்கு இதை முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு மடலுக்காகக் காத்திருப்பவர் வீட்டில் இருந்தால், வாரம் ஒருமுறை அந்த மூன்று இடங்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தோட்டத்துக் காரியாலய மேசையில் கிடந்த கடிதங்களுக்கு யாரிடம் போய் முறையிடுவது என்று எங்கள் மூத்தோருக்குத் தெரியவில்லை. இந்த விசைகளுக்கு யாரிடம் முறையிடுவது என்று நமக்குத் தெரியும். ஒவ்வொரு மென்பொருளிலும் கருத்துத் தெரிவிக்கும் இடமொன்று இருக்கின்றது. ஒருவர் முறையிட்டு ஒரு விசை மாறிய வரலாற்றை மேலே சொன்னேன். அவர் பில் கேட்ஸாக இருந்தார் என்பது உண்மையே. நாம் அவர் அல்லர்; ஆனால் நாம் ஒருவர் அல்லவே, கோடிக்கணக்கானோர். எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள்.